விடியல் ரோந்தை நிறுத்தாதீர்கள்: விமான நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும்,

பறவை விரட்டும் ரோந்து வண்டி அடுத்த மாதம் முதல் விடியற்காலையிலும் அந்தியிலும் ஓடாது, அதற்குப் பதிலாகத் தானாக வெடித்துச் சத்தத்தால் பறவையை மிரட்டும் எட்டு கேஸ் பீரங்கிகளும், பறவை அலறும் குரலைப் போடும் நான்கு ஒலிபெருக்கிகளும் வைக்கப்படும் என்று நீங்கள் போட்ட சுற்றறிக்கை என் கைக்கு வந்தது. யார் அனுப்பினார்கள் என்று தேட வேண்டாம். கடந்த சில வருடங்களில் விமானத்தில் பறவை மோதும் சம்பவங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன, ஆகவே இத்தனை ஆள் தேவையில்லை என்பது நீங்கள் அதில் சொல்லும் காரணம். அந்த வண்டியில் 14 வருடம் உட்கார்ந்தவன் நான். அந்தக் காரணம் தவறு, முடிவு அதைவிடத் தவறு.

நிலையத்தின் பெயரை இதில் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். இதே சுற்றறிக்கையை வேறு வார்த்தைகளில் போட்டவர்களும் போடப்போகிறவர்களும் வேறு நிலையங்களில் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். உள்ளே வேலையில் இருப்பவர்களால் இதை எழுத முடியாது. நான் ஓய்வு பெற்றவன், என்னிடமிருந்து பிடுங்க ஒன்றும் இல்லை.

முதலில் அந்தப் பாதிக் கணக்கைப் பார்ப்போம். மோதல் குறையவில்லை, எழுதுவது குறைந்தது. எப்படித் தெரியும் என்றால், எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

முன்பெல்லாம் ஓடுபாதையில் ஒரு சிறகு கிடந்தாலும் படிவம் போடுவோம். எந்த இடம், எத்தனை மணி, என்ன பறவை, அதற்கு முன் எந்த விமானம் போனது, எல்லாம் எழுதுவோம். அப்புறம் ஒருநாள் அலுவலகச் சுவரில் ஒரு பலகை வந்தது. மேலே 'மோதல் இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஒரு எண். கூடவே மாதத்துக்கு இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் இலக்கு. தாண்டினால் அந்த ஷிஃப்டில் இருந்தவர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். கொக்கு ஏன் வந்தது என்பதற்குக் கொக்கின் சார்பில் நாங்கள் விளக்கம் எழுத வேண்டும் என்றால் என்ன எழுதுவது?

ஒரு காலை ஆறரை மணி இருக்கும், ஓடுபாதை ஓரத்தில் ஓர் உண்ணிக்கொக்கு கிடந்தது, பாதி உடல்தான் இருந்தது. ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம். பலகையில் எண் 41. அந்தப் பாதி உடலை ஒரு பையில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன், படிவம் எழுதவில்லை. விமானி யாரும் எதுவும் சொல்லவில்லை, பல நேரம் அவர்களுக்கே தெரியாது. அந்தக் கொக்கை அடித்த விமானம் எது, அதன் எஞ்சின் தகடு எதுவும் வளைந்திருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் குனிந்து பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கச் சொல்ல வேண்டிய ஆள் நான், நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பலகையில் 42 என்று மாற்றினார்கள். இது நடந்து ஆறு வருடம் ஆகிறது, இன்னமும் உறுத்துகிறது. இப்படி நான் ஒருமுறைதான் செய்தேன். மற்றவர்கள் எத்தனை முறை செய்தார்கள் என்று நான் கேட்டதில்லை, ஆனால் உங்கள் வரைபடத்தில் கோடு கீழே இறங்க ஆரம்பிக்கும் மாதமும் அந்தப் பலகை வந்த மாதமும் ஒன்றுதானா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள்.

சரி, எல்லோரும் நேர்மையாக எழுதினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண் ஆபத்தைச் சொல்லாது.

10,000 முறை விமானம் ஏறி இறங்கினால் இத்தனை மோதல் என்று ஒரு விகிதம் போடுகிறீர்கள். உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் 20 கிராம் எடையுள்ள தகைவிலான் குருவியும் ஒன்று, முக்கால் கிலோ கரும்பருந்தும் ஒன்று. ஒரு வருடம் பூச்சி அதிகமாகி, தகைவிலான்கள் ஓடுபாதைமேல் கூட்டமாகப் பறந்து, முப்பது அடிபட்டால் உங்கள் விகிதம் எகிறும், மேலிடம் கேள்வி கேட்கும். அடுத்த வருடம் தகைவிலான் குறைந்து, பருந்து மூன்று மடங்காகி, அவற்றில் நான்கே அடிபட்டால் விகிதம் அழகாக இறங்கும், பாராட்டுக் கடிதம் வரும். எந்த வருடம் விமானம் விழ வாய்ப்பு அதிகம்?

இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஜான் ஆலன் என்பவர் 2006-இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். எந்தப் பறவை இங்கே எவ்வளவு அடிக்கடி மோதுகிறது என்பது ஒரு பக்கம், அந்த இனம் மோதினால் விமானத்துக்கு எவ்வளவு அடிக்கடி சேதம் ஆகிறது என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்துக் கட்டம் போட்டால் எந்த இனத்தின்மேல் உடனே கை வைக்க வேண்டும், எதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும், எதை விட்டுவிடலாம் என்று தெரியும். பெரிய கணினி எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும். என் 14 வருடத்தில் அந்தத் தாளை நம் நிலையத்தில் நான் பார்த்ததில்லை. ஐகாவோ என்கிற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விமான நிலையங்களுக்காக வகுத்த விதிகளின் 14-ஆம் இணைப்பில் வனவிலங்கு அபாயம் பற்றிய பகுதி, மோதல்களைப் பதிவு செய்வதோடு நிறுத்தாமல், அந்த அபாயத்தைத் தகுதியுள்ள ஆட்களைக் கொண்டு தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்கிறது. நாம் முதல் பாதியை மட்டும், அதுவும் அரைகுறையாகச் செய்கிறோம்.

மதிப்பிடும்போது எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம், இதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 1.8 கிலோ பறவை ஒன்று 250 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தில் மோதினால் அது 100 கிலோ மூட்டையை 15 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். இதை வைத்துப் பெரிய பறவைதான் எதிரி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1960 அக்டோபர் 4-ஆம் தேதி பாஸ்டனில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஏறிய சில நொடிகளில் விழுந்து, அதில் இருந்த 72 பேரில் 62 பேர் இறந்தார்களே, அதைச் செய்தது ஸ்டார்லிங் என்கிற, மைனா குடும்பத்துச் சின்னப் பறவை. ஒன்று ஏறக்குறைய 80 கிராம். கூட்டமாக எஞ்சின்களுக்குள் போயின. எஞ்சின்கள் பறவையை விழுங்கினால் என்ன ஆகும் என்று சோதித்துச் சான்று கொடுக்கும் விதிகள் உருவாக அந்த விபத்துதான் முக்கியக் காரணம்.

புறா என்றால் சிரிப்பீர்கள். நம் கார்கோ கூரையில் புறாக்கள் அடைவதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஓர் அதிகாரி சிரிக்கவே செய்தார். 1988 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தியோப்பியாவின் பாஹிர் தாரில் ஒரு போயிங் 737 ஏறும்போது புறாக் கூட்டத்துக்குள் புகுந்தது. இரண்டு எஞ்சின்களும் பறவைகளை விழுங்கின. திரும்பி வந்து இறங்கப் பார்த்தபோது எஞ்சின்கள் கைவிட்டன, சக்கரம் இல்லாமல் தரையில் இறங்கித் தீப்பிடித்தது. 104 பேரில் 35 பேர் போனார்கள். பருந்தும் கழுகும் இல்லை, வெறும் புறா.

எஞ்சின் தாங்கும் என்று உங்கள் பொறியாளர்கள் சொல்வார்கள். எதைத் தாங்கும் என்று திருப்பிக் கேளுங்கள். கூட்டமாகப் பறக்கும் நடுத்தரப் பறவைகளை விழுங்கினால் எஞ்சின் முக்கால்வாசி உந்துவிசையையாவது தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு பெரிய பறவை போனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. தீப்பிடிக்காமல், துண்டுகள் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே பறக்காமல், ஒழுங்காக நின்றுபோனால் தேர்ச்சி. ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறது என்கிற கணக்கு அது. 2009 ஜனவரி 15-ஆம் தேதி நியூயார்க்கில் அந்தக் கணக்கு உடைந்தது. லாகார்டியாவில் ஏறிய ஏ320 விமானம் ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் கனடா வாத்துக் கூட்டத்தில் மோதியது. அந்த எஞ்சினைப் பெரிய பறவைக்காகச் சோதித்தது 4 பவுண்டு எடையில், வந்து மோதிய வாத்துகளோ ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. இரண்டு எஞ்சினும் போய், மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறங்கினார்கள். 155 பேரும் பிழைத்தார்கள். எல்லோரும் விமானியைப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆட்கள் வேறு. எஞ்சினுக்குள் ஒட்டியிருந்த சிறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் என்கிற அமெரிக்க அருங்காட்சியக நிறுவனத்தின் சிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே அவை உள்ளூரில் நிரந்தரமாகத் தங்கும் வாத்துகள் இல்லை, வடக்கே கனடாவிலிருந்து வலசை வந்தவை என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதாவது ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருக்கும் வாத்துகளை எல்லாம் ஒழித்திருந்தாலும் அந்த விபத்து நடந்திருக்கும். என்ன பறவை, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நாம் சிறகைக் குப்பையில் போடுகிறோம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், நியூயார்க்கில் நடந்த மோதல் வேலிக்கு வெகு தூரத்தில் நடந்தது, எந்த ரோந்து வண்டியாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. 2024 டிசம்பர் 29-ஆம் தேதி தென்கொரியாவின் முவானில் 179 பேர் இறந்த விபத்தில் இரண்டு எஞ்சின்களிலும் பைக்கால் கிளுவை என்கிற வாத்தின் சிறகும் ரத்தமும் இருந்தன என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது, ஆனால் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் கட்டுமானத்தில் போய் மோதியதும் அவ்வளவு உயிர் போனதற்குக் காரணம். எல்லாவற்றையும் பறவை தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெரும்பாலான மோதல்கள் ஏறும்போதும் இறங்கும்போதும், நிலையத்துக்குள்ளோ பக்கத்திலோ நடக்கின்றன, அந்த இடம் நம் பொறுப்பில் இருக்கிறது.

இப்போது உங்கள் பீரங்கிக்கு வருகிறேன். அதை நாங்கள் ஏற்கெனவே வைத்துப் பார்த்தோம், உங்களுக்கு முந்தைய நிர்வாகம் இரண்டு வாங்கியது. முதல் வாரம் அற்புதம், ஒரு பறவை இல்லை, புகைப்படமெல்லாம் எடுத்துப் போட்டார்கள். இரண்டாவது வாரம் ஆள்காட்டிக் குருவிகள் திரும்பின. மூன்றாவது வாரம் ஒரு பருந்து பீரங்கிக் குழாய்மேலேயே உட்கார்ந்திருந்தது. வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதைக் கேட்டதும் எழும்பி நாலு அடி தள்ளிப் போகும், வெடித்து முடிந்ததும் திரும்ப வந்து உட்காரும். நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சத்தத்துக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் வரவில்லை என்றால் எந்தப் பறவையும் அதை நம்பாது.

எங்கள் வண்டியைப் பார்த்தால் அதே பருந்து அரை கிலோமீட்டர் தூரத்திலேயே கிளம்பும். வண்டி எப்போது வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும், அதிலிருந்து வெடி வருமா, ஆள் இறங்கி ஓடிவருவானா என்று அதற்குத் தெரியாது. பீரங்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடத்தை மாற்றி மாற்றி வைத்து, ரோந்து ஆளின் கையில் விசையைக் கொடுத்தால் அது நல்ல கருவி. தனியாக விட்டால் பறவைக்கு உட்கார ஒரு மேடை.

ஒலிபெருக்கி விஷயம் இதைவிட மோசம், தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பறவை மாட்டிக்கொண்டு அலறும் குரலைப் பதிவு செய்து போட்டால் அதே இனத்துப் பறவைகள் உடனே ஓடிப்போகும் என்று உங்களுக்கு விற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். பல இனங்கள் அப்படிச் செய்யாது. முதலில் எழும்பும், என்ன ஆபத்து என்று பார்க்கச் சத்தம் வரும் பக்கமாகவே வந்து மேலே வட்டமிடும், அதற்கப்புறம்தான் மெல்லக் கலையும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதனால்தான் நாங்கள் விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டு டவரில் கேட்டு, இறங்க வருகிற விமானம் எதுவும் பக்கத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டு, காற்றின் திசை பார்த்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போடுவோம். உங்கள் தானியங்கி ஒலிபெருக்கி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்தும், அந்த நேரம் விமானம் வருகிறதா என்று அதற்குத் தெரியாது. புல்லில் சும்மா மேய்ந்துகொண்டிருந்த இருநூறு கொக்கை, விமானம் இறங்க ஒரு நிமிடம் இருக்கும்போது, ஓடுபாதைக்கு மேலே அதுவே எழுப்பிவிடும். பறவையை எழுப்ப யாராலும் முடியும், எந்த நேரம் எந்தப் பக்கமாக எழுப்புவது என்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஏன் குறிப்பாக விடியலும் அந்தியும் என்று கேட்கலாம், சுற்றறிக்கையில் 'விமானங்கள் குறைவாக உள்ள நேரம்' என்று அந்த இரண்டையும்தான் வெட்டியிருக்கிறீர்கள். விமானம் குறைவு, பறவை அதிகம். இரவெல்லாம் மரத்தில் அடைந்திருந்த கொக்குகள் சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி மேய்ச்சலுக்குப் போகும், அந்தியில் அதே வழியாகத் திரும்பும். அந்த வழி நம் ஓடுபாதையின் கிழக்கு முனையைக் குறுக்காக வெட்டுகிறது. ஓராண்டு முழுக்க நேரம் குறித்து வைத்திருக்கிறேன், பருவத்துக்குத் தகுந்தபடி நேரம் நகர்கிறது, பாதை நகரவில்லை. அந்தியில் வௌவாலும் சேர்ந்துகொள்ளும். பருந்து வேறு கணக்கு, அது வெயில் ஏறித் தரை சூடானபின் எழும் காற்றில் ஏறிச் சுற்றும், காலை பத்து மணிக்கு மேல்தான் அதன் ராஜ்யம். ஆள்காட்டி இரவிலும் தூங்காது. இத்தனை கால அட்டவணையையும் ஒரே இடைவெளியில் வெடிக்கும் பீரங்கி எப்படிச் சமாளிக்கும்?

ஒரு மழைக்காலத்து அதிகாலையில் நூற்றைம்பது, இருநூறு கொக்கு தாழ்வாக வரிசையாக வருவதைப் பார்த்து டவரைக் கூப்பிட்டேன். ஏறத் தயாராக ஓடுபாதையில் ஒரு விமானம் நின்றது. இரண்டு நிமிடம் நிறுத்தி வையுங்கள் என்றேன். நிறுத்தினார்கள். கூட்டம் கடந்து போனது, விமானம் ஏறிப் போனது, எதுவும் நடக்கவில்லை. அன்று மதியம் தாமதத்துக்குக் காரணம் யார் என்று கேட்டு எனக்கு ஒரு தாள் வந்தது. இரண்டு நிமிடத் தாமதம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். நடக்காமல் போன மோதல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எங்கள் வேலையில் உருப்படியான பகுதி முழுக்க இப்படி எழுதப்படாத பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் தாளைப் பார்த்து முடிவெடுக்கும் உங்களுக்கு நாங்கள் சும்மா வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

விரட்டுவது கடைசி வேலை, இதையும் சொல்லாமல் விட்டால் நான் என் சோற்றுக்காக எழுதுகிறேன் என்பீர்கள். பறவை வருவது இரைக்கும் தண்ணீருக்கும் தங்குவதற்கும். மூன்றையும் நாமே கொடுத்துவிட்டு விரட்டுவதில் அர்த்தமில்லை. புல் வெட்டும் ஒப்பந்தக்காரர் பகல் பதினொரு மணிக்கு வெட்டுகிறார். இயந்திரத்துக்குப் பின்னால் வெட்டுக்கிளியும் எலியும் தவளையும் வெளியே வர, கொக்கும் பருந்தும் ஊர்வலமாகப் பின்னால் போகின்றன. இரவு விமானம் ஓய்ந்த நேரத்தில் வெட்டுங்கள் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தேன், விளக்கு வாடகை அதிகம் என்று பதில் வந்தது. புல்லின் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனில் பல காலமாக 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிடுகிறார்கள், கூட்டமாக மேயும் பறவைகளுக்கு உயரமான புல்லுக்குள் எதிரி தெரியாது, மண்ணில் இருக்கும் புழுவும் எட்டாது, அதனால் இறங்காது. ஆனால் அதை அப்படியே இங்கே காப்பியடித்தால் எலி பெருகலாம், எலி பெருகினால் கூகையும் பருந்தும் வரும். எது சரி என்று நம் நிலத்தில் ஒரு பகுதியில் வளர்த்துப் பார்த்து எண்ணினால்தான் தெரியும். யாரும் எண்ணவில்லை.

விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் டாக்ஸிவேக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் மழை பெய்தால் மூன்று வாரம் தண்ணீர் நிற்கிறது, மூன்று வருடம் கேட்டும் மண் போடவில்லை. சுவருக்கு வெளியே இறைச்சிக் கழிவு கொட்டுகிறார்கள், பருந்துக் கூட்டத்துக்கு அதுதான் மூலம். வெளியே நடப்பது நம் கையில் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லப்படுகிறது. நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பறவையை ஈர்க்கும் குப்பைமேடு, நீர்நிலை போன்றவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ஐகாவோவின் வழிகாட்டுதல் சொல்வது, நம் கையில் இல்லாததை யாருடைய கையில் இருக்கிறதோ அவர்களிடம் போய்ப் பேசுவதற்காகத்தானே. 14 வருடத்தில் ஒருமுறை அதிகாரிகள் பேசப் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள், வண்டி ஓட்ட.

கொல்லச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுட்டுத் தள்ளினால் காலியான இடத்துக்கு ஒரு மாதத்தில் வேறு கூட்டம் வரும், இரை அங்கேயே இருக்கிறதே. அதோடு புதிதாக வரும் பறவைக்கு இந்த இடமும் விமானங்களும் பழக்கமில்லை, அது இன்னும் மோசமாக மோதலாம். ரேடார் வாங்கப்போவதாகவும் கேள்விப்பட்டேன். நல்லது, வாங்குங்கள். ரேடார் பறவை இருக்கும் இடத்தைச் சொல்லும், போய் விரட்ட வண்டியும் ஆளும் வேண்டும், அந்த ஆளைத்தான் நீங்கள் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

இனி நான் கேட்பவை.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பிருந்து உதயத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் வரையும், அந்தியிலும் அதே அளவுக்கும், டவரோடு நேரடி ரேடியோத் தொடர்பு உள்ள ஒரு வண்டியும் இரண்டு ஆட்களும் ஓடுபாதைப் பக்கம் இருக்க வேண்டும். நேரத்தைக் கடிகாரத்துக்குக் கட்டாமல் உதயத்துக்கும் அத்தமனத்துக்கும் கட்டுங்கள். அந்த ஆள் நிறுத்தச் சொன்னால் விமானத்தை நிறுத்தலாம், அதற்காக அவரிடம் பின்னால் விளக்கம் கேட்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். ஒலிபெருக்கிகளின் தானியங்கி இணைப்பை ஆள் இல்லாத நேரத்தில் துண்டித்து வையுங்கள், இது நாளைக்கே செய்யக்கூடியது, ஒரு காசு செலவில்லை.

சுவரில் இருக்கும் பலகையைக் கழற்றுங்கள். மோதலைப் பதிவு செய்பவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்று அறிவியுங்கள், பதிவு கூடினால் முதல் வருடம் மேலிடம் கத்தும், அதை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை. மோதாமல் தப்பியவை, விமானிகள் இறங்காமல் மறுபடி மேலே போனவை, ஓடுபாதையில் கிடந்த உடல்கள், எல்லாமே பதிவாகட்டும். கிடைக்கும் சிறகையும் ரத்தக் கறையையும் பையில் போட்டு இனம் கண்டுபிடிக்க அனுப்ப ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

பறவை தெரிந்த ஒருவரை வைத்து இனவாரியாக அந்த அபாயக் கட்டத்தைப் போடுங்கள், ஆறு மாதத்துக்குள். எடை, கூட்டமாகப் பறக்கும் பழக்கம், நேரம், பாதை எல்லாம் அதில் வர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, விமான நிறுவனங்களுக்கும் டவருக்கும் கொடுங்கள், பொதுமக்கள் பார்க்கவும் வெளியிடுங்கள்.

புல் வெட்டும் நேரத்தை இரவுக்கு மாற்றுங்கள். பள்ளத்தை அடுத்த மழைக்குள் மூடுங்கள். கழிவு கொட்டும் இடத்தைப் பற்றி உள்ளாட்சியோடு நீங்களே, இயக்குநர் அவர்களே, நேரில் போய்ப் பேசுங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாளுக்குள் பதில் வேண்டும், எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், செய்யாததற்கு என்ன காரணம் என்று. என் வீட்டில் பதினொரு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, தேதி, நேரம், காற்று, இனம், எண்ணிக்கை, எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்று 14 வருடமும் என் கையால் எழுதியவை. அலுவலகப் பதிவேட்டில் நான் மறைத்த அந்தக் கொக்கும் அவற்றில் ஒன்றில் இருக்கிறது. நகல் எடுத்துக்கொள்ள ஓர் ஆளை அனுப்புங்கள், வருபவர் கட்டம் போடப்போகிறவராக இருந்தால் எந்தக் கிறுக்கல் என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரோந்துப் பணியாளர் ஒருவர்